உமி, மரத்தூள், காக்காய்ப்பொன்

குழி தோண்டுவதைப் பற்றி நம்மவர்களுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. “கூடவே இருந்து குழி தோண்டிவிட்டான்” என்று ஒருவனைச் சொல்லிவிட்டால், அதற்கு மேல் வசைமொழி வேண்டியதில்லை. நானோ வீட்டார் பணத்தைச் செலவழித்து, நான்கு வருஷமாகக் குழி தோண்டுவதையே பாடமாகப் படித்து வருகிறவன். பெட்ரோலியப் பொறியியல் என்று அதற்கு மரியாதையான ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ஊருக்குப் போனால் பெரியவர்கள் விடுவதில்லை. “போர் போடுகிற படிப்பா? அதற்கு எதற்கப்பா தன்பாத் வரைக்கும் போனாய்? திருச்செங்கோட்டிலே ரிக் வண்டி வைத்திருக்கிறவர்களெல்லாம் எந்தக் கல்லூரியிலே படித்தார்கள்?” என்று கேட்கிறார்கள்.

கேள்வி நியாயமானதுதான். திருச்செங்கோட்டு வண்டிகளை நான் குறைத்து மதிப்பவன் அல்லன். ஆனால் அவர்கள் பெரும்பாலும் துளைப்பது கெட்டிப் பாறை. மேல்மண் சரியாமல் ஒரு குழாயை இறக்கிவிட்டால், அதற்குக் கீழே துளை தானாகவே நிற்கும். அழுத்தக் காற்றைச் செலுத்தினால் பாறைத்தூள் புழுதியாகப் பறந்து வெளியே வந்துவிடும். எண்ணெய்க் கிணறோ மணலும் களியும் சுண்ணாம்புக்கல்லும் அடுக்கடுக்காகப் படிந்த நிலத்தில் 2,000 மீட்டர், 3,000 மீட்டர் என்று இறங்குகிறது. சுவர் சரியும். அடியில் நீரும் எண்ணெயும் வாயுவும் அழுத்தத்தோடு காத்திருக்கும். அங்கே வெறுங்காற்றை நம்பிக் காரியம் ஆகாது. சேற்றைத்தான் நம்ப வேண்டும்.

சேறு என்றால் வயல் சேறு என்று எண்ணிவிடாதீர்கள். பெண்டோனைட் என்னும் ஒரு வகைக் களிமண்ணைத் தண்ணீரில் ஊறவைத்துக் கலக்கிய குழம்பு அது. குஜராத்தின் கச்சுப் பகுதியிலும் ராஜஸ்தானத்தின் பார்மரிலும் அந்தக் களி கிடைக்கிறது. குழம்புக்குக் கனம் வேண்டுமானால் பாரைட் என்னும் கல்லைப் பொடித்துச் சேர்ப்பார்கள். அதற்கு ஆந்திரத்திலே கடப்பைச் சீமையைச் சேர்ந்த மங்கம்பேட்டை பிரசித்தி பெற்ற இடம். ரிக்கில் வேலை செய்கிறவர்கள் இந்தக் குழம்பை ‘மட்’ என்று ஒரே வார்த்தையில் சொல்லி முடித்துக்கொள்கிறார்கள். இது துளைக்கும் குழாயின் உள்வழியாக இறங்கி, நுனியிலுள்ள உளியின் கண்களால் பீறிட்டு, குழாய்க்கும் கிணற்றுச் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியில் ஏறி மேலே வருகிறது. வரும்போது பாறைத்தூளைச் சுமந்து வருகிறது. உளியைக் குளிர வைக்கிறது. சுவரைத் தாங்குகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, தன் கனத்தால் கீழேயுள்ள வாயுவையும் நீரையும் அமுக்கிப் பிடித்துக்கொள்கிறது.

அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்து ஸ்பிண்டில்டாப் என்ற இடத்தில் 1901-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் தேதி எண்ணெய் பீறிட்ட கதை எங்கள் படிப்பில் எல்லோருக்கும் தெரிந்த புராணம். அங்கே மணல் சரிந்து துளை நிற்காமல் போகவே, ஒரு குட்டையில் மாடுகளை இறக்கி மிதிக்கவிட்டுச் சேறாக்கி, அந்தச் சேற்றைக் கிணற்றில் செலுத்தினார்களாம். மாட்டுக் கதை எவ்வளவு தூரம் உண்மையோ, சேறு காரியத்தைச் சாதித்தது உண்மை.

இத்தனை உபகாரம் செய்யும் சேற்றுக் குழம்பு, சில சமயங்களில் போன இடத்திலிருந்து திரும்பி வருவதில்லை. மேலே தொட்டியில் 100 பீப்பாய் இருந்தது 80 ஆகும், 60 ஆகும். சில கிணறுகளில் ஒரு சொட்டுக்கூடத் திரும்பாது. கீழே ஏதோ ஒரு ஓட்டை அதைக் குடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த ஓட்டை பலவிதம். தளர்ந்த மணலும் கூழாங்கல்லும் கலந்த அடுக்காக இருக்கலாம். பாறையில் இயற்கையாக ஓடிய விரிசலாக இருக்கலாம். சுண்ணாம்புக்கல்லில் நீர் அரித்த பொந்தாக இருக்கலாம். இவை போதாதென்று நாமே உண்டாக்கும் பிளவும் ஒன்று உண்டு. குழம்பின் கனம் மிகுந்துவிட்டால் பாறை தாங்காமல் வாய் பிளந்துவிடும். கனம் குறைந்தாலோ கீழிருப்பது மேலே கிளம்பும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அதுதான் ‘மட்’ பார்க்கிற பொறியாளனின் நிலைமை.

“சேறு போனால் போகட்டுமே, இன்னும் கொஞ்சம் களிமண்ணைக் கரைத்துக்கொண்டால் ஆயிற்று” என்று தோன்றலாம். செலவு ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 400 மீட்டர் ஆழத்தில் ஒரு வாயு அடுக்கு இருக்கிறது. அதன் அழுத்தம் அதே உயரமுள்ள தண்ணீரின் அழுத்தம், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 40 கிலோ, என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரைவிடப் பத்தில் ஒரு பங்கு கனம் கூடிய குழம்பு, கிணறு நிறைய நின்றால் 44 கிலோ கொடுக்கும். நமக்கு மிச்சம் 4 கிலோ. குழம்பின் மட்டம் 36 மீட்டர் இறங்கினால் அந்த மிச்சமும் காலி. பன்னிரண்டே கால் அங்குலத் துளையில் ஐந்து அங்குலக் குழாய் நிற்கும்போது 36 மீட்டருக்கு எவ்வளவு குழம்பு பிடிக்கும்? சுமார் 15 பீப்பாய். ஒரு பீப்பாய் 159 லிட்டர். மணிக்கு 60 பீப்பாய் வீதம் குழம்பு போய்க்கொண்டிருந்தால் கால் மணி நேரம்! அதற்குப் பிறகு அமுக்கிப் பிடிக்க ஆள் இல்லை. வாயு கிளம்ப வேண்டியதுதான். அது மேலே வந்து தீப்பொறியைச் சந்தித்தால் என்ன ஆகும் என்பதை எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

ஆகவே ஓட்டையை அடைக்க வேண்டும். எதைக்கொண்டு அடைப்பது? முதல் முதலில் வகுப்பில் அந்தப் பட்டியலைப் பார்த்தபோது, ஆசிரியர் மாட்டுத் தீவனக் கடையின் கணக்கு நோட்டைத் தவறிக் கொண்டுவந்துவிட்டாரோ என்று எண்ணினேன். மரத்தூள், உமி, கரும்புச் சக்கை, பருத்திக்கொட்டைத் தோல், தேங்காய் நார், அக்ரூட்டு ஓட்டின் குறுணை, செல்லோபேன் தாள் நறுக்கு, அப்பிரகத் துண்டு, சலவைக்கல் பொடி! கோடிக்கணக்கில் பணம் போட்டு நிறுத்திய ரிக்கைக் காப்பாற்றும் சஞ்சீவி இதுதானா என்று சிரிப்பாக இருந்தது.

நம் பக்கத்து வாய்க்கால் கரை உடைப்பை நினைத்தபோதுதான் சிரிப்பு நின்றது. காவிரிப் பாசனத்து ஊர்களிலிருந்து வந்திருக்கும் நண்பர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கரை உடைந்த இடத்தில் வெறும் மண்ணைக் கூடை கூடையாகக் கொட்டினால் வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போய்விடும். முதலில் கம்புகளை நெருக்கமாக ஊன்றுவார்கள். அவற்றின்மேல் தழையையும் வைக்கோற்புரியையும் வைத்து அமுக்குவார்கள். அதற்குப் பிறகுதான் களிமண். கம்பு தண்ணீரை நிறுத்தாது, தழையை நிறுத்தும். தழை தண்ணீரை முழுவதும் நிறுத்தாது, களிமண்ணை நிறுத்தும். களிமண் தண்ணீரை நிறுத்தும். பூமிக்கு அடியில் ஆயிரம் மீட்டர் ஆழத்தில், கண்ணுக்குத் தெரியாத ஓட்டையில் நடக்க வேண்டியதும் இதுவே. குறுணை குறுக்கே சிக்கிக்கொள்ள வேண்டும். நார் அதன்மேல் பின்னிக்கொள்ள வேண்டும். செதில் படிய வேண்டும். கடைசியில் பெண்டோனைட் களி மெழுகிவிட வேண்டும்.

அதனால்தான் இந்தச் சரக்குகளை நார், செதில், குறுணை என்று மூன்று ஜாதியாகப் பிரிக்கிறார்கள். செதில் ஜாதியில் முதலிடம் அப்பிரகத்துக்கு. நாம் சிறுவயதில் புத்தகத்துக்குள் பொத்திப் பொத்தி வைத்த அதே காக்காய்ப்பொன்! அதற்குப் பேர்போன கோடர்மா நம் தன்பாத்துக்குப் பக்கத்திலேதான் இருக்கிறது. ஒரு விஷயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அந்தப் பக்கத்துக் கைவிட்ட சுரங்கங்களில் அப்பிரகத் துணுக்குகளைப் பொறுக்கி விற்றுப் பிழைக்கும் குடும்பங்கள் உண்டு. பொறுக்கும் கைகளில் குழந்தைகளின் கைகளும் உண்டென்று பல ஆண்டுகளாகச் செய்தி வந்திருக்கிறது. மலிவான சரக்கு எல்லாம் எல்லோருக்கும் மலிவு என்று சொல்லிவிட முடியாது.

இந்த யோசனை புதிதன்று. 1887-லேயே சாப்மன் என்ற அமெரிக்கர், துளையின் சுவரைப் பூசி மெழுகக் களிமண், தவிடு, தானியம், சிமெண்டு ஆகியவற்றைத் தண்ணீரோடு செலுத்தலாம் என்று காப்புரிமைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆனால் எது நன்றாக அடைக்கும் என்று அளந்து பார்க்க வெகுகாலம் ஆயிற்று. ஹோவர்ட், ஸ்காட் என்னும் இருவர் செயற்கைப் பிளவுகளில் பலவகைச் சரக்குகளையும் ஓட்டிப் பார்த்து, 1951-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். பெரிதும் சிறிதுமாகக் கலந்த கெட்டியான கொட்டை ஓட்டுக் குறுணை, நாரையும் செதிலையும் விட அகலமான பிளவை அடைத்துக் காட்டியது.

1977-ல் ஆப்ரம்ஸ் என்பவர் பாறையின் நுண்துளைகளுக்கு ஒரு விதி சொன்னார். துளையை அடைக்க அதே அளவுள்ள துகள் வேண்டியதில்லை; சராசரித் துளை அளவில் மூன்றில் ஒரு பங்கோ, சற்றுக் கூடவோ இருந்தால் போதும்; ஆனால் குழம்பிலுள்ள திடப்பொருளில் கன அளவில் நூற்றுக்கு 5 பங்காவது அத்தகைய துகள் இருக்க வேண்டும் என்றார். விளங்கவில்லையா? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நம் மெஸ் வாசலுக்குப் போய் நில்லுங்கள். ஒருவர் பின் ஒருவராக நானூறு பேர் போனாலும் வாசல் அடைபடாது. மூன்று பேர் ஒரே சமயத்தில் தோளோடு தோள் நுழைந்தால் போதும், மூவரும் சிக்கிக்கொள்வார்கள். பின்னால் வருகிறவர்கள் தாமாகவே நின்றுவிடுவார்கள். துகளும் அப்படித்தான். தனித்தனியாகப் போனால் ஓட்டைக்குள் போயே போய்விடும். கூட்டமாகப் போனால் பாலம் கட்டிக்கொள்ளும்.

நிற்க. இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய். இது கறிக்கு உதவியதை நான் பார்த்தது 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், விடுமுறைப் பயிற்சிக்காக மேல் அஸ்ஸாமில் ஒரு ரிக்குக்குப் போயிருந்தபோது. சுற்றிலும் தேயிலைத் தோட்டம், மேலே ஓயாத மழை, கீழே நாங்கள். பயிற்சிக்கு வந்த பையனுக்குப் பெரிய வேலையா கொடுப்பார்கள்? குழம்புத் தொட்டியின் ஓரத்தில் நின்று மட்டத்தைக் குறித்துக்கொள்ளச் சொன்னார்கள். மின்சாரக் கருவி ஒன்று அதே வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் கண்ணால் பார்த்து எழுத ஓர் ஆள் வேண்டும் என்பது அங்கே பழக்கம்.

இரவு பதினொன்றரை மணிக்குத் துளை 900 மீட்டரைத் தாண்டியிருந்தது. அரை மணிக்கு ஒரு தரம் குறிக்கும் கணக்கில் ஒரு விரற்கடை குறைந்திருந்தது. ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி அளந்தேன். இன்னும் குறைந்திருந்தது. ஓடிப்போய்ச் சொன்னேன். துளைப்பவர் பம்பை நிறுத்தினார். கிணற்றின் வாயில் விளக்கைப் பிடித்துப் பார்த்தபோது, தளும்பிக்கொண்டிருக்க வேண்டிய குழம்பு கண்ணுக்கு எட்டாத ஆழத்துக்கு இறங்கியிருந்தது. மேலே 400 மீட்டர் வாக்கில் சிறியதொரு வாயு அடுக்கைத் தாண்டி வந்திருந்தோம். நான் மேலே எழுதிக் காட்டிய கணக்கு, அன்றிரவு என் நோட்டில் கை நடுங்கப் போட்ட கணக்கேதான்.

குழம்புக்குப் பொறுப்பான அதிகாரி ஓர் அஸ்ஸாமியப் பெரியவர். ஓய்வு பெறும் வயது. அவர் பதற்றம் காட்டவில்லை. “முதலில் மேலிருந்து தண்ணீர் ஊற்றுங்கள். கிணறு நிறைந்தே இருக்க வேண்டும். எத்தனை பீப்பாய் ஊற்றினோம் என்று இந்தப் பையன் எழுதட்டும்” என்றார். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பதன் அர்த்தம் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. ஊற்றுகிற நீரின் அளவிலிருந்துதான் கீழே உள்ள வாய் எவ்வளவு பெரிது என்று ஊகிக்க முடியும்.

அடுத்து, அடைப்புச் சரக்கைக் கொண்டுவரக் கொட்டகைக்கு ஆள் போனான். திரும்பி வந்து அவன் சொன்னதைக் கேட்டுப் பெரியவரின் முகம் மாறியதை அப்போதுதான் பார்த்தேன். ஏட்டில் அப்பிரகம் 200 மூட்டை. கொட்டகையில் இருந்ததோ முப்பது சொச்சம். கொட்டை ஓட்டுக் குறுணை ஒரு மூட்டைகூட இல்லை. மிச்சத்தை வேறொரு ரிக்குக்கு அனுப்பிவிட்டு ஏட்டைத் திருத்தாமல் விட்டிருக்கிறார்கள். புதிதாக வாங்கக் கேட்டு அனுப்பிய காகிதம், “குப்பைக்கு இத்தனை அவசரமா?” என்ற பாவனையில் எங்கேயோ ஒரு மேஜையில் தூங்கிக்கொண்டிருந்ததாம். உளி உடைந்தால் மாற்று உளி உண்டு. பம்பு நின்றால் மாற்றுப் பம்பு உண்டு. உமிக்கும் தூளுக்கும் மாற்று வைக்க யாருக்கும் தோன்றவில்லை. கிடங்கிலிருந்து லாரி வருவதானால் மழைச் சாலையில் மறுநாள் மத்தியானம் ஆகும்.

பெரியவர் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு ஜீப்பை எடுக்கச் சொன்னார். நாலு மைல் தூரத்தில் ஒரு நெல் அரவை மில்லும், அதையடுத்து ஒரு மர அறுவைப் பட்டறையும் இருந்தன. பாதி ராத்திரியில் அவர்களைத் தட்டி எழுப்பி, உமி இருபது மூட்டையும் மரத்தூள் பதினைந்து மூட்டையும் வாங்கி வந்தார்கள். மில்காரர் பணம் வாங்க மறுத்துவிட்டாராம். உமிக்கு விலையா என்று சிரித்தாராம்.

மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்த கிரேன் ஓட்டுநர் திருநெல்வேலிக்காரர். அந்தச் சீமையில் தமிழ் பேச எனக்கு வாய்த்த ஒரே மனிதர். நான் மிரண்டு நிற்பதைப் பார்த்து, “என்ன தம்பி, முகம் வெளுத்துப்போச்சு?” என்றார்.

“இந்த உமியை நம்பியா அண்ணாச்சி இத்தனை பேர் நிற்கிறோம்?” என்று கேட்டேன்.

“லாரி ரேடியேட்டர் ஒழுகிச்சுன்னா மஞ்சப்பொடிய அள்ளிப் போட்டுட்டு அடுத்த ஊர் வரைக்கும் ஓட்டுதோம்லா? அது நிக்கும்போது இது நிக்காதா? பயப்படாதீரும்” என்றார். நான்கு வருஷப் படிப்பை அவர் நாலு வார்த்தையில் சொல்லிவிட்டார்.

ஆனால் பெரியவர் உமியை அப்படியே கொட்டிவிடவில்லை. முதலில், உளியின் கண்கள் எத்தனை அகலம் என்று கேட்டார். சரக்கு உளியின் கண்ணையே அடைத்துக்கொண்டால் உள்ளதும் போச்சு என்று ஆகிவிடும். அடுத்து, குழாயைச் சற்று மேலே தூக்கி, உளியை ஓட்டைக்கு மேலாக நிறுத்தச் சொன்னார். திரும்பி வரும் குழம்பைச் சலிக்கும் அதிர்வுச் சல்லடையை ஒதுக்கிவிடச் சொன்னார். இல்லாவிட்டால் நாம் போட்ட உமியை நாமே சலித்து எடுத்துவிடுவோம். பிறகு தனியாக ஒரு தொட்டியில் கெட்டியாகப் பெண்டோனைட்டைக் கரைத்து, இருந்த அப்பிரகம், மரத்தூள், உமி மூன்றையும் அளவு சொல்லிச் சொல்லிப் போட்டுக் கலக்கினார். ரிக் பாஷையில் இதற்குப் ‘பில்’ என்று பெயர். மாத்திரை என்று பொருள். நாற்பது பீப்பாய் மாத்திரை!

அதை மெதுவாக உள்ளே செலுத்தி, ஓட்டை இருக்கும் இடத்துக்கு நேராக விட்டு, பம்பை நிறுத்தினார்கள். இரண்டு மணி நேரம் யாரும் ஒன்றும் செய்யவில்லை. செய்யாமல் இருப்பதும் ஒரு வேலை என்று அன்று கற்றுக்கொண்டேன். அவசரப்பட்டுப் பம்பை முடுக்கினால் கட்டிய பாலம் உடைந்துவிடும். மழை கொட்டிக்கொண்டிருந்தது. நான் கால் மணிக்கு ஒரு தரம் கிணற்றின் வாயைப் பார்த்து எழுதினேன். இறங்கியது, கொஞ்சம் இறங்கியது, நின்றது. விடிகாலை நாலரை மணிக்குப் பம்பை மெள்ள ஓட்டினார்கள். முதலில் நீர் வந்தது. பிறகு பழுப்பு நிறத்தில் குழம்பு வந்தது. அதில் இரண்டொரு உமி மிதந்து வந்தது. அங்கே நின்றவர்கள் முப்பது பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பத்திரிகையில் போடுவதற்கு அதில் ஒரு செய்தியும் இல்லை.

கிடங்கு லாரி சொன்னபடியே மத்தியானம் வந்தது. மூட்டைகளை இறக்கும்போது பெரியவர் என்னிடம் ஒன்று சொன்னார்: “இது நல்ல அடைப்பு என்று எண்ணாதே. உமி ஊறும், நைந்து போகும். கையில் இருந்ததைக்கொண்டு பொழுதை ஓட்டியிருக்கிறோம், அவ்வளவுதான்.” பிற்பாடு முறையான சரக்கைச் செலுத்தி, அந்த அடுக்கைத் தாண்டியதும் இரும்புக் குழாயை இறக்கிச் சிமெண்டு போட்டு மூடினார்கள்.

எல்லா ஓட்டைக்கும் இந்த வைத்தியம் பலிக்கும் என்றும் சொல்லிவிட முடியாது. சுண்ணாம்புக்கல்லில் ஓர் ஆள் நுழையும் பொந்து இருந்தால் உமி என்ன செய்யும்? கடலில் கரைத்த பெருங்காயம்தான். அங்கே சிமெண்டைச் செலுத்துவார்கள். டீசலில் பெண்டோனைட்டைக் கலந்து அனுப்புவதும் உண்டு. டீசலில் ஊறாத களி, கீழே தண்ணீரைக் கண்டதும் உப்பிப் பசையாகிவிடும். ஆனால் குடிநீர் ஊறும் மேல் அடுக்குகளில் இந்த டீசல் வித்தைக்கு இடமில்லை. ஊரார் குடிக்கிற தண்ணீர் அது. எண்ணெய் இருக்கும் அடுக்கிலோ வேறு சங்கடம். அப்பிரகத்தையும் நாரையும் திணித்தால் குழம்பு வெளியே போகும் வழியோடு எண்ணெய் உள்ளே வரும் வழியும் சேர்ந்து அடைபட்டுவிடும். அதனால் அங்கே சலவைக்கல் பொடியைப் போடுவார்கள். வேலை முடிந்த பிறகு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விட்டால் அது கரைந்து வழிவிடும். அடைக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, திறக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தச் சரக்கு இடம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு உலகமறிந்த ஓர் உதாரணம் உண்டு. 2010-ஆம் ஆண்டு ஏப்ரல் 20-ஆம் தேதி, மெக்ஸிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற ரிக் வெடித்துத் தீப்பற்றியது. 11 பேர் மாண்டார்கள். அந்தக் கிணறும் அதற்குச் சில நாட்கள் முன்னால் குழம்பைக் குடித்த கிணறுதான். அதற்காகத் தயாரித்து வைத்த அடைப்புச் சரக்கு மிஞ்சிவிட்டது. தனியே கொட்டுவதானால் கரைக்குக் கொண்டுபோய் அபாயக் கழிவாகக் கணக்குக் காட்ட வேண்டும். கிணற்றில் ஒரு தரம் ஓட்டிவிட்டால் கடலிலேயே விட்டுவிடலாம் என்பது சட்டத்தின் சந்து. ஆகவே அந்த மிச்சத்தில் 400 பீப்பாய்க்கும் மேலாக எடுத்து, குழம்பையும் கடல்நீரையும் பிரித்து வைக்கும் இடைத்திரவமாகக் கிணற்றில் விட்டார்கள்.

அதன்பிறகு கிணறு கட்டுக்குள் இருக்கிறதா என்று ஒரு சோதனை செய்தார்கள். துளைக் குழாயில் சதுர அங்குலத்துக்கு 1,400 பவுண்டு அழுத்தம் காட்டியது. பக்கத்துச் சிறுகுழாயில் அழுத்தமே இல்லை. இரண்டும் ஒத்திருக்க வேண்டியவை. சிறுகுழாயை நம்பி, எல்லாம் சரி என்று முடிவு கட்டினார்கள். இடைத்திரவமாக விட்ட அந்தச் சரக்கே சிறுகுழாயை அடைத்து ஏமாற்றியிருக்கக்கூடும் என்று பிற்பாடு விசாரணையில் கருதினார்கள். விபத்துக்கு மூலகாரணம் கிணற்றின் அடியில் போட்ட சிமெண்டு நிற்காமல் போனது. ஆனால் அதைக் காட்டிக் கொடுத்திருக்க வேண்டிய சோதனையின் கண்ணைக் கட்டியதில் இந்த மிச்சச் சரக்குக்கும் பங்கு இருந்திருக்கலாம். அங்கே வேண்டியபோது சரக்கு இருந்தது; வேண்டாத இடத்துக்கும் போய்விட்டது. அஸ்ஸாமில் வேண்டியபோது சரக்கே இல்லை. இரண்டிலும் குறை ஒன்றுதான்: இது வெறும் குப்பை, இதற்கு என்ன யோசனை வேண்டியிருக்கிறது என்ற அலட்சியம்.

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். உதவும், சந்தேகமில்லை. ஆனால் பல் குத்த வேண்டிய நேரத்தில் துரும்பு கையில் இருக்க வேண்டும். அது எங்கே குத்துகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். உமிக்கு விலை இல்லை என்பதால் அதை எண்ணி வைக்க யாரும் இல்லை. எண்ணி வைக்காத சரக்கு ஏட்டில் 200 மூட்டையாகவும் கொட்டகையில் முப்பதாகவும் இருப்பதில் அதிசயமும் இல்லை.

அடுத்த கோடையில் நம் சங்கத்துத் தம்பிகளும் தங்கைகளும் பலர் பயிற்சிக்குப் போவீர்கள். எண்ணெய்க் கிணற்றுக்கோ, சுரங்கத்துக்கோ, ஆலைக்கோ, எதற்காகிலும் ஆகட்டும். தொட்டி மட்டத்தைப் பார் என்றோ, மூட்டையை எண்ணு என்றோ சொல்வார்கள். இதற்கா இத்தனை படித்தோம் என்று மனம் சுளிக்காதீர்கள். மட்டத்தைக் கண்ணால் பார்த்து எழுதுங்கள். முன்னால் நின்றவர் எழுதியதைப் பார்த்து எழுதாதீர்கள். கொட்டகைக்குள் போய் மூட்டைகளைக் கையால் தொட்டு எண்ணுங்கள். ஏட்டிலுள்ள எண்ணிக்கையோடு அது ஒத்துவராவிட்டால், மேலே உள்ளவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் மரியாதையோடு போய்ச் சொல்லுங்கள். மூட்டையில் இருப்பது வெறும் உமியாக இருந்தாலும் சரி.